ஜூமா: கிழமையைச் சொல்லும் சுவாஹிலிப் பெயர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்ப்பவர்கள், சுவாஹிலி கற்பவர்கள், குழந்தைக்குப் பெயர் தேடுபவர்கள், கதை எழுதுபவர்கள் என்று பலரும் ஜூமா என்ற பெயரைப் பற்றி ஏறத்தாழ ஒரே சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். பின்னால் வரும் பதில்கள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

ஜூமான்னா என்ன அர்த்தம்?

வெள்ளிக்கிழமை பிறந்தவன். ஆண் குழந்தைக்கு வைக்கும் பெயர். தான்சானியா, கென்யா, உகாண்டா, ருவாண்டா, புருண்டி, காங்கோவின் கிழக்குப் பகுதி என்று சுவாஹிலி புழங்கும் இடமெல்லாம் இந்தப் பெயர் உண்டு. சுவாஹிலி இலக்கணப் பாடங்களில் "ஜூமா புத்தகம் படிக்கிறான்" என்பது போன்ற வாக்கியங்களில் வந்து நிற்கும் பையனும் பெரும்பாலும் இவன்தான். அவ்வளவு சாதாரணமான பெயர்.

இதை எப்படி உச்சரிக்கணும்? தமிழில் ஜுமாவா, ஜூமாவா, ஜும்மாவா?

சுவாஹிலியில் எந்தச் சொல்லிலும் கடைசிக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும். இந்தப் பெயரில் இரண்டே அசைகள். ஆகவே அழுத்தம் 'ஜூ' மேல் விழுகிறது, அது சற்று நீண்டும் ஒலிக்கிறது. அதனால் தமிழில் ஜூமா என்று எழுதுவது பொருத்தம். ஜும்மா என்று மகரத்தை இரட்டித்தால் ஒலி மாறிவிடும். சுவாஹிலியில் அந்த இரட்டிப்பு கிடையாது.

'ஜ'வை விட்டு 'ச' போட்டு எழுதாதீர்கள். அதை 'ச்சூமா' என்று வாசிக்க இடமுண்டு. சுவாஹிலியில் அது வேறு சொல். இரும்பு என்று பொருள்.

இது அரபுப் பெயர்தானே? சுவாஹிலிப் பெயர்னு ஏன் சொல்றாங்க?

வேர் அரபு, அதில் சந்தேகமில்லை. ஒன்றுகூடுதல் என்ற பொருள் தரும் வேரிலிருந்து வந்த 'ஜும்ஆ' என்ற சொல், கூட்டுத் தொழுகை நடக்கும் நாளுக்குப் பெயரானது. இஸ்லாத்துக்கு முந்தைய அரேபியாவில் அதே நாளை 'அரூபா' என்று அழைத்தார்கள். குர்ஆனின் 62ஆம் அத்தியாயத்தின் பெயரே அல்-ஜுமுஆ. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு அழைப்பு வந்ததும் வியாபாரத்தை விட்டுவிட்டு வரச் சொல்லும் வசனம் அதில்தான் இருக்கிறது.

ஆனால் சுவாஹிலி ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபுச் சொல்லை எடுத்துக்கொள்ளும்போது அதைத் தன் வாய்க்கு ஏற்றபடி மாற்றிவிடும். தொண்டையின் அடியிலிருந்து வரும் அரபு 'ஐன்' ஒலி சுவாஹிலியில் இல்லாததால் அது உதிர்ந்தது. சொல் உயிரெழுத்தில் முடிய வேண்டும் என்ற பழக்கம் நிலைத்தது. இப்படி உருமாறிய பெயர் பல நூறு ஆண்டுகளாகக் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை மக்களின் வாயில் இருக்கிறது. வேரையும் வீட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜூமா சுவாஹிலிப் பெயர்தான்.

நம்ம ஊர் பள்ளிவாசல்ல சொல்ற ஜும்ஆவும் இதுவும் ஒண்ணா?

ஒன்றேதான். தமிழ் முஸ்லிம்கள் ஜும்ஆ, ஜும்மா என்று சொல்லும் வெள்ளிக்கிழமைத் தொழுகையும், கென்யக் கடற்கரை நகரான மொம்பாசாவில் ஒருவர் ஜூமா என்று மகனுக்கு வைக்கும் பெயரும் ஒரே அரபுச் சொல்லிலிருந்து பிரிந்தவை. நம்மிடம் அது தொழுகையின் பெயராக நின்றுவிட்டது. அங்கே ஆளின் பெயராகவும், கீழே பார்க்கப் போவதுபோல் கிழமைகளின் பெயராகவும் விரிந்தது.

பெயர்ப் பட்டியல்களில் வலிமை, வீரம்னு எல்லாம் போட்டிருக்காங்களே?

அவற்றை நம்ப வேண்டாம். சுவாஹிலியில் குணத்தையோ வாழ்த்தையோ சொல்லும் பெயர்கள் தனியாக இருக்கின்றன. பரக்கா என்றால் அருள். தமிழ் முஸ்லிம்கள் 'பரக்கத்' என்று சொல்லும் அதே சொல். அமானி என்றால் அமைதி, இமானி என்றால் நம்பிக்கை. ஜூமா அந்த வகையில் சேராது. அது குழந்தை எப்படிப்பட்டவனாக வருவான் என்று எதையும் சொல்லவில்லை, எப்போது வந்தான் என்பதை மட்டும் பதிவு செய்கிறது. அந்தப் பெயரின் அழகு அதில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. எழுதப்படிக்கத் தெரியாத வீட்டிலும் மகனின் பிறந்த கிழமை அவன் பெயரிலேயே பத்திரமாக இருந்தது.

ஜூமா வெள்ளின்னா, சனிக்கிழமைக்கு ஏன் ஜுமாமோசின்னு பேர்? எனக்குக் குழப்பமா இருக்கு.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. சுவாஹிலியில் 'ஜூமா' என்ற பொதுச்சொல்லுக்கு வாரம் என்றும் பொருள் உண்டு (இன்று ஆங்கிலத்திலிருந்து வந்த 'விக்கி' அதிகம் புழங்குகிறது). ஒரு வெள்ளியிலிருந்து அடுத்த வெள்ளி வரை ஒரு ஜூமா. வெள்ளி முடிந்ததும் எண்ணிக்கை தொடங்கும்: சனி ஜுமாமோசி, அதாவது வாரத்தின் முதல் நாள், ஞாயிறு ஜுமாப்பிலி, இரண்டாவது, திங்கள் ஜுமாட்டாட்டு, மூன்றாவது, செவ்வாய் ஜுமான்னே, நான்காவது, புதன் ஜுமாட்டானோ, ஐந்தாவது. மோசி, பிலி, டாட்டு, ன்னே, டானோ எல்லாம் பாண்டு மொழியின் எண்கள்.

அதன் பிறகு முறை மாறுகிறது. வியாழன் அல்ஹமீசி, அரபில் அதற்கும் ஐந்தாவது என்றுதான் பொருள், ஏனென்றால் அரபு எண்ணிக்கை ஞாயிறிலிருந்து தொடங்குகிறது. ஆக சுவாஹிலி வாரத்தில் இரண்டு ஐந்தாம் நாள்கள் அடுத்தடுத்து வருகின்றன, ஒன்று பாண்டு கணக்கு, மற்றொன்று அரபுக் கணக்கு. தொழுகையோடு ஒட்டிய வியாழனும் வெள்ளியும் அரபுப் பெயரை வைத்துக்கொண்டன. மற்ற ஐந்து நாள்களைக் கரைவாசிகள் தங்கள் எண்களாலேயே எண்ணிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமைக்குச் சொல் 'இஜுமா'. ரோமன் எழுத்தில் எழுதும்போது அதன் முடிவில் இரண்டு அகரம் வரும். அழுத்தம் 'மா'வின் மேல் விழும். ஆளின் பெயரில் 'ஜூ', நாளின் பெயரில் 'மா'. காதால் பிரித்தறிய இது போதும்.

அப்போ மற்ற கிழமையில் பிறந்தவங்களுக்கும் பேர் உண்டா?

உண்டு, ஆனால் ஏழு நாளுக்கும் ஒரே அளவில் இல்லை. வியாழன் பிறந்தவன் ஹமீசி. இதுவும் ஜூமா அளவுக்குப் பரவலான பெயர். செவ்வாய்க்கு ஜுமான்னே, தான்சானியாவில் அமைச்சராக இருந்த ஜுமான்னே மாகெம்பேயின் பெயர் இதுதான். மற்ற எண் கிழமைகளின் பெயர்கள் ஆள்பெயராக வருவது குறைவு. கிழமைப் பெயர் எதுவும் இல்லாமல் வேறு பெயர் வைக்கும் குடும்பங்களே அதிகம் என்பதையும் நினைவில் வையுங்கள். கட்டாயமான ஏற்பாடு எதுவும் இல்லை.

பெண் குழந்தை வெள்ளிக்கிழமை பிறந்தா?

ம்வானாஜூமா, அல்லது அதன் சுருக்கமான ம்வாஜூமா. 'ம்வானா' என்பது இங்கே பெண்பெயருக்கு முன்னால் வரும் ஒட்டு. இதே ஒட்டு வேறு பெயர்களிலும் வரும். ஈத் பெருநாளில் பிறந்த பெண் ம்வானாஈடி. ஜூமா என்று மட்டும் பெண்ணுக்கு வைப்பதில்லை. ஒரு பெண்ணின் முழுப்பெயரில் ஜூமா வந்தால் அது அநேகமாக அவளுடைய தகப்பன் அல்லது பாட்டனின் பெயர்.

மாதம், பண்டிகையை வச்சும் பேர் வைப்பாங்களா?

வைப்பார்கள். இஸ்லாமிய நாட்காட்டியின் ரஜபு மாதத்தில் பிறந்தவன் ரஜபு, ஷஃபானில் பிறந்தவன் ஷபானி, நோன்பு மாதத்தில் பிறந்தவன் ரமதானி, பெருநாளில் பிறந்தவன் ஈடி. மழையை வைத்தும் உண்டு: மாசிக்கா என்பது மார்ச் முதல் மே வரை பெய்யும் பெருமழைக் காலம், அது ஆள்பெயராகவும் இருக்கிறது. வெள்ளிக்கிழமையும் ரமலானும் சேர்ந்து வந்தால் எதைத் தேர்வது என்பது வீட்டுப் பெரியவர்களின் விருப்பம்.

வியாழக்கிழமை ராத்திரி 9 மணிக்குப் பிறந்தா ஜூமாவா, ஹமீசியா?

பழைய வழக்கப்படி ஜூமா. இஸ்லாமிய நாள் சூரியன் மறைந்ததும் தொடங்குகிறது. வியாழன் மக்ரிப் (அந்தித் தொழுகை நேரம்) ஆனதுமே வெள்ளி பிறந்துவிட்டது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் வியாழன் மாலை இருட்டியதும் 'வெள்ளி இரவு' என்று சொல்வது இதே கணக்குதான். தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவு நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை தெற்கே இருப்பதால் அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் மாலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையிலேயே மறைகிறது. எல்லை எங்கே என்ற சந்தேகம் வருவதில்லை.

சிக்கல் காகிதத்தில்தான். பிறப்புச் சான்றிதழ் நள்ளிரவில் தேதியை மாற்றுகிறது. அதில் வியாழன் என்று இருக்கும், பெயரோ ஜூமா என்று இருக்கும். இரண்டும் சரி, கணக்கு வேறு. பேச்சிலும் இந்தக் குழப்பம் உண்டு: 'உசிக்கு வா இஜுமா' (வெள்ளியின் இரவு) என்று பெரியவர் சொன்னால் வியாழன் இரவாகவும் இருக்கலாம். தெளிவு வேண்டுமானால் 'உசிக்கு வா குஅம்கியா இஜுமா', அதாவது வெள்ளியாக விடியும் இரவு, என்று சொல்வார்கள்.

கூடவே சுவாஹிலி மணிக் கணக்கையும் கவனியுங்கள். அங்கே விடியலிலிருந்தும் மாலையிலிருந்தும் மணி எண்ணுவார்கள். காலை 7 மணி என்பது 'சா மோஜா', முதல் மணி. இரவு 9 மணி என்பது மூன்றாம் மணி. பாட்டி 'மூன்று மணி இரவில் பிறந்தான்' என்று சொன்னால் அது விடியற்காலை 3 இல்லை. 6 மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

தேதி மட்டும் தெரியும். கிழமையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கைபேசி நாட்காட்டியில் பின்னோக்கிப் போகலாம். காகிதத்தில் போட வேண்டுமானால் 1900 முதல் 1999 வரையிலான தேதிகளுக்கு இந்த முறை போதும். தேதியை எழுதுங்கள். மாத எண்ணைக் கூட்டுங்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரை வரிசையாக 1, 4, 4, 0, 2, 5, 0, 3, 6, 1, 4, 6. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கூட்டுங்கள். அந்த இரண்டிலக்க எண்ணை 4ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு ஈவைக் கூட்டுங்கள். மொத்தத்தை 7ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கிழமை: 0 சனி, 1 ஞாயிறு, 2 திங்கள், 3 செவ்வாய், 4 புதன், 5 வியாழன், 6 வெள்ளி.

இரண்டு இடங்களில் தவறும். லீப் ஆண்டின் ஜனவரி, பிப்ரவரித் தேதியாக இருந்தால் மொத்தத்தில் 1 குறைக்க வேண்டும். 2000 முதல் 2099 வரை என்றால் இன்னொரு 1 குறைக்க வேண்டும். சான்சிபார் புரட்சி நடந்த 1964 ஜனவரி 12ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 12 + 1 + 64 + 16 = 93; லீப் ஆண்டின் ஜனவரி என்பதால் 92; மீதி 1, ஞாயிறு. மேலே சொன்ன சுவாஹிலி வரிசை சனியில் தொடங்குவதால், மீதியோடு 1 சேர்த்தால் சனி முதல் புதன் வரை சுவாஹிலிக் கிழமை எண்ணே கிடைத்துவிடும்: 1 + 1 = 2, ஜுமாப்பிலி.

வெள்ளிக்கிழமை பிறக்காதவனுக்கு ஜூமான்னு வைக்கலாமா?

தடை எதுவும் இல்லை, நடப்பதும் உண்டு. முக்கியமான காரணம் பாட்டன் பெயர். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது சுவாஹிலிக் குடும்பங்களில் பெருவழக்கு. தாத்தா வெள்ளிக்கிழமை பிறந்தவர், பேரன் திங்கட்கிழமை பிறந்தவன், பெயர் இருவருக்கும் ஜூமா. ஆகவே ஒரு ஜூமாவைப் பார்த்து 'நீங்கள் வெள்ளிக்கிழமை பிறந்தவரா' என்று கேட்பது நல்ல தொடக்கம்; பிறந்தவர்தான் என்று முடிவு கட்டுவது தவறு.

பேர் எப்போ வைப்பாங்க? சடங்கு உண்டா?

முஸ்லிம் குடும்பங்களில் ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுத்து அகீகா கொடுப்பார்கள். சுவாஹிலியில் அதை 'அகிக்கா' என்பார்கள். நாற்பதாம் நாள், 'அரோபைனி', தாய் வெளியே வரும் நாள். நம்மூர் முஸ்லிம் வீடுகளுக்கு இவை பழகிய விஷயங்கள்தான்.

கடற்கரையின் பழைய வழக்கில் ஒருவருக்கு இரண்டு பெயர்கள் இருக்கலாம். பிறந்ததும் பெரியவர் ஒருவர் வைக்கும் குழந்தைப் பெயர் ஒன்று. அதன் பிறகு பெற்றோர் வைக்கும் பெரிய பெயர் ஒன்று. கிழமைப் பெயர் முதல் வகைக்கு இயல்பாகப் பொருந்துவது. யோசிக்க நேரம் தேவையில்லாத பெயர். பிறகு அதுவே நிலைத்துவிடுவதும் உண்டு.

கிறிஸ்தவர்ல ஜூமான்னு ஒருத்தரைத் தெரியும். அவங்க எப்படி இந்தப் பேரை வச்சாங்க?

பெயர் கடற்கரையில் முஸ்லிம் பெயராகத் தொடங்கியது. மொழியோடு சேர்ந்து உள்நாட்டுக்குப் போனபோது மத எல்லையைத் தாண்டிவிட்டது. சுவாஹிலி பேசும் கிறிஸ்தவருக்கும் வெள்ளிக்கிழமை இஜுமாதான். புனித வெள்ளியை அவர்கள் 'இஜுமா குஉ', பெரிய வெள்ளி என்று அழைக்கிறார்கள். நாளின் பெயர் எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட பிறகு, அந்த நாளில் பிறந்தவனின் பெயரும் பொதுவானதில் வியப்பில்லை.

நல்ல உதாரணம் காலெஸ்டஸ் ஜூமா. மேற்குக் கென்யாவில் பிறந்த இவர் ஹார்வர்டில் பேராசிரியராக இருந்து ஆப்பிரிக்க வேளாண்மை, தொழில்நுட்பக் கொள்கை பற்றி நிறைய எழுதியவர், 2017இல் காலமானார். பிறந்த நாள் 1953 ஜூன் 9. மேலே உள்ள கணக்கைப் போடுங்கள்: 9 + 5 + 53 + 13 = 80, மீதி 3, செவ்வாய். இவருக்கு ஜூமா பின்பெயராக வந்தது. அதிலிருந்து இவருடைய கிழமையைக் கண்டுபிடிக்க முடியாது. பெயர் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்போது கிழமைச் செய்தி அதில் பொருந்தாமல் போகிறது. பொருள் தேடுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஜூமா முன்பெயரா, பின்பெயரா?

மூணு பேர் வரிசையா எழுதியிருக்காங்க. எது அவரோட பேர், எது குடும்பப் பேர்?

தான்சானியாவில் பரவலான முறை: முதலில் சொந்தப் பெயர், அடுத்து தகப்பன் பெயர், மூன்றாவது பாட்டன் பெயர் அல்லது குடும்பப் பெயர். 2017இல் தான்சானியாவின் தலைமை நீதிபதியானவர் இப்ராஹிம் ஹமிஸ் ஜூமா. பின்னிரு பெயர்களிலும் வியாழனும் வெள்ளியும் அடுத்தடுத்து நிற்கின்றன. இப்படி ஒரு பெயரைப் பார்த்ததும் அவற்றை அவருடைய கிழமைகளாகப் படிக்கக் கூடாது. அவை முன்னோர்களிடமிருந்து வந்தவை.

மூன்றாம் பெயர் ஒவ்வொரு தலைமுறையிலும் நகர்ந்துகொண்டே போவதும் உண்டு, நிலையாக நிற்பதும் உண்டு. தான்சானியாவின் குடியரசுத் தலைவராக இருந்தவர் அலி ஹசன் ம்வின்யி. அவருடைய மகன், சான்சிபாரின் தலைவர், ஹுசேன் அலி ம்வின்யி. நடுவில் தகப்பன் பெயர் மாறியிருக்கிறது, கடைசிப் பெயர் அப்படியே இருக்கிறது. படிவம் நிரப்பும்போது ஊகிக்காமல் அடையாள அட்டையில் உள்ள வரிசையை அப்படியே எழுதுங்கள். தலைப்பெழுத்தாகச் சுருக்கும் நம் பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள், 'இ. ஹ. ஜூமா' என்று எழுதினால் சொந்தப் பெயரே காணாமல் போய்விடும்.

பழைய ஆவணங்களிலும் சான்சிபாரிலும் நடுவில் 'பின்', பெண்களுக்கு 'பின்டி' வரும். ஜூமா பின் ஹமீசி என்றால் ஹமீசியின் மகன் ஜூமா.

பக்கத்து வீட்டு அம்மாவை 'மாமா ஜூமா'ன்னு கூப்பிடறாங்க. அவங்க பேரா அது?

இல்லை. மாமா என்றால் சுவாஹிலியில் அம்மா. ஜூமாவின் அம்மா என்று அழைக்கிறார்கள். தகப்பனை 'பாபா ஜூமா' என்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு அண்டை அயலார் இப்படி அழைப்பது மரியாதை. பெரும்பாலும் மூத்த பிள்ளையின் பெயர் வரும்.

ஆளை நேரடியாக அழைக்கும்போது வயதில் மூத்தவர் என்றால் 'ம்ஸே ஜூமா', அலுவலகத்தில் 'ப்வானா ஜூமா' என்று சொல்லலாம். வயதானவரை வெறும் ஜூமா என்று கூப்பிட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

ஜும்பே, சூமா (தென்னாப்பிரிக்காவில் இருக்காரே) எல்லாம் இதே பேரா?

இரண்டும் வேறு. ஜும்பே என்பது ஊர்த்தலைவருக்கான பதவிப் பெயர். ஜெர்மானியர் ஆண்ட காலத்தில் கிராம அளவில் நிர்வாகம் பார்த்தவர்களுக்கும் அந்தப் பட்டம் இருந்தது. 1972 முதல் 1984 வரை சான்சிபாரின் தலைவராக இருந்த அபூத் ஜும்பேயின் பெயரில் அது இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஜேக்கப் சூமாவின் பெயர் சூலு மக்களின் குலப்பெயர். ஒலி நெருக்கம் தற்செயல்.

ஒரே பேரை ஆளுக்கொரு மாதிரி எழுதறாங்களே?

எந்த ஆட்சியின் கீழ் எழுத்து நிலைத்தது என்பதைப் பொறுத்தது. காங்கோ, புருண்டி பக்கம் பிரெஞ்சு எழுத்துமுறை என்பதால் ரோமன் எழுத்தில் முன்னால் ஒரு 'டி' சேரும். காங்கோ கால்பந்து வீரர் ஜூமா ஷபானியின் பெயர் அப்படித்தான் எழுதப்படுகிறது; கிழமையும் மாதமும் ஒரே ஆளின் பெயரில் இருப்பதையும் கவனியுங்கள். தான்சானியாவில் கடைசியில் இரண்டு அகரம் போட்டு ஜுமா என்று நீட்டி எழுதுபவர்களும் உண்டு. சான்சிபாரில் ஹமீசியை அரபுக்கு நெருக்கமாகக் 'காமிஸ்' போல எழுதுவார்கள். உயிரெழுத்தில் முடியும் ஹமீசி பெருநிலத்து வடிவம்.

கானா நாட்டு 'கோஃபி'யும் வெள்ளிக்கிழமைப் பேர்தானே? இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

தொடர்பு இல்லை. கோஃபி என்பது ஆக்கான் மக்களின் பெயர். வேர் ஆக்கான் மொழியிலேயே இருக்கிறது. ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் பிறந்த 1938 ஏப்ரல் 8 வெள்ளிக்கிழமைதான். ஆக்கான் முறையில் ஏழு கிழமைக்கும் ஆண் பெண் இருபாலருக்கும் பெயர் உண்டு, பிறந்த எல்லோருக்கும் அது சேரும். சுவாஹிலியில் அப்படி முழுமையான அமைப்பு இல்லை என்பதை மேலே பார்த்தோம்.

உறவு தேடினால் அரபுச் சொல் போன வழியில் தேட வேண்டும். நைஜீரியாவின் ஹவுசா மொழியில் டன்ஜுமா, பெண்ணுக்கு ஜும்மாய். சோமாலியில் ஜிம்ஆலே. எகிப்தியர் 'ஜ'வை 'க'வாக ஒலிப்பதால் அங்கே கோமா. துருக்கியிலும் மத்திய ஆசியாவிலும்கூட ஜுமா என்று ஆண்களுக்குப் பெயர் உண்டு. பெயரை மட்டும் வைத்து ஒருவரைக் கிழக்கு ஆப்பிரிக்கர் என்று முடிவு செய்ய முடியாமல் போவது இதனால்தான். கூட வரும் பெயர்களையும் பாருங்கள்.

இது எவ்வளவு பழைய பேர்? கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு எப்படிப் போச்சு?

சான்சிபார் தீவின் தென்முனையில் கிசிம்காசிப் பள்ளிவாசலில் 1107ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. லாமு தீவுக்கூட்டத்தின் ஷங்காவில் அதைவிடப் பழைய பள்ளிவாசல்களின் அடித்தளங்கள் அகழாய்வில் கிடைத்தன. 1331இல் இப்னு பதூதா வந்தபோது மொம்பாசாவும் கில்வாவும் முஸ்லிம் நகரங்களாக இருந்தன. வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை அந்த ஊர்களின் வாரத்தை வகுத்தது. நாளின் பெயர் ஆளின் பெயராக அந்தச் சூழல் போதும்.

உள்நாட்டுக்கு அதைக் கொண்டுபோனவை 19ஆம் நூற்றாண்டின் யானைத்தந்த வணிகக் கூட்டங்கள். பாகமோயோவிலிருந்து தபோரா, அங்கிருந்து டாங்கனீக்கா ஏரிக்கரையின் உஜிஜி, ஏரியைக் கடந்து காங்கோ என்று அவை போயின. அந்த வழியில் அடிமை வணிகமும் நடந்தது. பெயர்களும் மதமும் மொழியும் பரவிய பாதை அதே பாதை என்பதை மறைக்கக் கூடாது. 1874இல் ஆங்கிலேயப் பயணி வெர்னி லவ்வெட் கேமரன் ஏரிக்கு மேற்கே சந்தித்த பெரிய வணிகர்களில் ஒருவர் ஜூமா மெரிக்கானி. மெரிக்கானி என்பது அமெரிக்காவிலிருந்து வந்த வெளுக்காத பருத்தித் துணியின் பெயர், பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. பிறகு ஜெர்மானிய, ஆங்கிலேய நிர்வாகங்கள் சுவாஹிலியை அலுவல் மொழியாகப் பயன்படுத்தின. 1961இல் விடுதலை பெற்ற டாங்கனீக்கா அதைத் தேசிய மொழியாக்கியது. கிராமம் வரை பெயர் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

என் கதையில் ஒரு ஆப்பிரிக்கப் பாத்திரத்துக்கு ஜூமான்னு வைக்கலாமா?

எந்த ஊர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். தார் எஸ் சலாம், தங்கா, மொம்பாசா, தபோரா, உஜிஜி என்றால் தாராளமாக வைக்கலாம். கானாவிலோ தென்னாப்பிரிக்காவிலோ பிறந்த பாத்திரத்துக்கு வைத்தால் ஏன் இந்தப் பெயர் என்று கதை விளக்க வேண்டியிருக்கும். நைஜீரிய வடக்கு என்றால் மேலே சொன்ன டன்ஜுமா பொருந்தும்.

பிறகு முழுப்பெயரை அமையுங்கள். மூன்று தலைமுறையும் தெரிய, ஜூமா ரமதானி ஷபானி என்பது போல வைத்தால் உள்ளூர்க்காரர் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். தங்கைக்கும் ஜூமா என்று வைத்துவிடாதீர்கள். அவளும் வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்றால் ம்வாஜூமா. அம்மாவை ஊரார் மாமா ஜூமா என்று அழைக்கட்டும், ஆனால் ஜூமா மூத்த பிள்ளையாக இருக்க வேண்டும். கதையில் அவனுடைய பிறந்த தேதி வந்தால் அச்சுக்கு அனுப்பும் முன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மீதி 6 வரவில்லையென்றால் தேதியை மாற்றுங்கள், அல்லது தாத்தாவின் பெயர் என்று ஒரு வரி சேருங்கள். மீதி 5 வந்து, பிறந்த நேரமும் இரவானால், எதையும் மாற்ற வேண்டியதில்லை.